எழுப்ப மறந்த வரிசை

அவளுக்குச் சல்லடை என்று பெயர் வைத்தவன் கணவன். எதையும் சலித்துப் பார்க்காமல் விடமாட்டாள். வேலையும் அதற்கேற்றபடி வாய்த்தது. மற்ற எல்லா மென்பொருளுக்கும் அடியில் கிடந்து உழைக்கும் பகுதியைக் கர்னல் என்பார்கள். அதில், தகவல் சிறு சிறு பொட்டலங்களாக வெளியே போகும் வழிக்கு அவளும் இன்னொருவரும் காவல். யார் எந்த நிரல் வரியை மாற்றி அனுப்பினாலும் இந்த இருவரும் படித்துத் தலையாட்டினால்தான் உள்ளே போகும்.

அந்த இன்னொருவரை அவள் நேரில் பார்த்ததே இல்லை. எல்லாம் மின்னஞ்சல்தான். அந்த வழிக்கான நிரலில் பாதி அவர் எழுதியது. சண்டை போட்டே சிநேகமானவர்கள்.

ஒருநாள் அவரே ஒரு மாற்றம் அனுப்பினார். படித்ததும் சிரித்துவிட்டாள். பொட்டல வரிசை நிரம்பினால் அதை நிறுத்த வேண்டும். இடம் காலியானதும் எழுப்ப வேண்டும். நிறுத்தியிருந்தார், எழுப்பவில்லை. அப்படியே விட்டால் இணைப்பு செத்த மாதிரி கிடக்கும். 'யானைக்கும் அடி சறுக்குமோ?' என்று எழுதித் திருப்பினாள். மன்னிப்புக் கேட்டுத் திருத்தி அனுப்பினார். அதிலும் எழுப்பவில்லை. மறுபடி சொன்னாள். அதே வார்த்தைகளில் மறுபடி மன்னிப்பு; அதே தவறு.

பழைய பதிவுகளைத் தோண்டினாள். பல வருடங்களுக்கு முன் வேறு யாரோ இதே தவறோடு அனுப்ப, ஏன் கூடாது என்று பக்கம் பக்கமாக விளக்கி மறுத்தவர் அவரேதான்.

"விட்டுத்தள்ளு. அவ்வளவு பெரிய மனுஷன், அவரே கண்டுபிடிச்சிடுவார்" என்றான் கணவன், சாப்பிட்டுக்கொண்டே.

"அவருக்கு ஞாபகமே இல்லங்க."

எல்லோரும் படிக்கும் பொதுக் குழுவில், புதிதாக வந்த ஒருவன், 'யார் இவர், அரிச்சுவடிகூடத் தெரியாமல்?' என்று எழுதியிருந்தான். அதைப் பார்த்ததும் தொலைபேசியை எடுத்தாள்.

அவருடைய மகள்தான் பேசினாள். "அப்பாவோட சண்டை போடுறவங்க நீங்கதானா? இன்னும் அனுப்பிட்டா இருக்கார்? டாக்டர் கைய விரிச்சிட்டாங்க. என் பேரே சமயத்துல வரமாட்டேங்குது. கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்தாதான் அமைதியா இருக்கார். முடியாதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

பிறகு அவர் குரல். "யாரும்மா?"

சொன்னாள். அவருக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் மரியாதையாகக் கேட்டார். "நான் அனுப்பினது நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சு சார்."

"அப்ப சேர்த்துடுங்க."

சேர்க்க முடியாது. காவலர்கள் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுக்கச் சொல்லி அவளே எழுத வேண்டியிருந்தது. எழுதிவிட்டு, முகத்தைக் கழுவப் போனவள் குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றாள்.

அவர் தொடர்ந்து அனுப்பினார், அவளுக்கு மட்டும். ஒவ்வொன்றையும் கடைசி வரி வரை படித்து, 'பார்த்துக்கொண்டிருக்கிறேன்' என்று பதில் போட்டாள். வரவர அவற்றில் கணினிக்குப் புரிகிற வரி ஒன்றுகூட இல்லை. அப்புறம் அதுவும் நின்றது. தொலைபேசியில் விசாரிக்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

அந்த வாரம் அவள் எழுதிய மாற்றம் ஒன்று, படிக்க ஆளில்லாமல் கிடந்தது. 'யாராவது பாருங்கள், தப்பு இருக்கலாம்' என்று குழுவில் கெஞ்சினாள்.

ஒரே ஒரு பதில் வந்தது. 'நீங்கள் எழுதினால் சரியாகத்தான் இருக்கும்.' படிக்காமலே சேர்த்துவிட்டார்கள்.