காய்ந்ததற்குத் தராசு போதும்

நாத்தனார் என்றாலே குற்றம் கண்டுபிடிக்கப் பிறந்தவள் என்று ஒரு பேச்சு உண்டு. என் விஷயத்தில் அது முழுக்க உண்மை. அண்ணனைக் கட்டிக்கொண்டு அண்ணி வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. அத்தனை வருஷமும் அவள் சமையலில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு குறை தேடியிருக்கிறேன். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "கண்ணாடிக்காரி வந்துட்டா, எல்லாத்தையும் மூடி வைங்க" என்று உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். அதனால் அந்தப் பெயர்.

அண்ணிக்கு வேலை பார்சல் அலுவலகத்தில், எடை போடும் மேசையில். பெட்டியைக் கையில் வாங்கும்போதே "ரெண்டு கிலோ நூறு" என்பாள். தராசில் வைத்தால் இருபது முப்பது கிராம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்ப்பது அவள் வேலை இல்லை. மேலே ஒட்டியிருப்பதைப் படிப்பாள், எடை போடுவாள், அடுத்த மேசைக்குத் தள்ளிவிடுவாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்துக் கிடந்தாள். எழுந்தபோது வாசனை, ருசி இரண்டும் போயிருந்தன. யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒரு நாள் காலை நான் போனபோது பால் பொங்கி வழிந்து, பாத்திரம் கருகி, வீடே நாறிக்கொண்டிருந்தது. அண்ணி அடுப்புக்கு இரண்டடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, பால்" என்றேன்.

திரும்பிப் பார்த்து அடுப்பை அணைத்தாள். பாத்திரத்தைத் தொட்டியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். பிறகு, "ரெண்டு மாசமாச்சு. ஒண்ணும் தெரியல. எதை வாயில வச்சாலும் அட்டைப்பெட்டியைக் கடிச்ச மாதிரி இருக்கு" என்றாள்.

மருத்துவர், வந்தாலும் வரும், வராமலும் போகும் என்று பிடிகொடுக்காமல் சொல்லிவிட்டார். அண்ணி சமையலை நிறுத்தினாள். ஊரில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் கேக் சுட்டுக்கொண்டு போகிறவள், ஓவனை மூடி அதன்மேல் பழைய செய்தித்தாள்களை அடுக்கினாள். ஜன்னல் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தெருவைப் பார்ப்பாள். அண்ணன்தான் சமைத்தான். லிஃப்ட் பழுது பார்க்கிறவன் அவன். யார் எதைச் சமைத்துப் போட்டாலும் "ம், நல்லா இருக்கு" என்று சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிற ரகம். தான் சமைத்ததையும் அப்படியே சொல்லிக்கொண்டு சாப்பிட்டான்.

இப்படி ஒன்றரை வருஷம் போனது. ஒரு நாள் நான் உள்ளே நுழைகிறேன், சாப்பாட்டு மேசை முழுக்கக் கண்ணாடி ஜாடிகள். எண்ணிப் பார்த்தேன், பதின்மூன்று. ஒரு புனல், ஒரு சின்ன தராசு, மாவு டப்பா, சர்க்கரை டப்பா, கோகோ பவுடர், முந்திரி. அண்ணி மூக்கு நுனியில் மாவு ஒட்டியிருக்க, ஒரு ஜாடிக்குள் வெள்ளையும் பழுப்புமாக அடுக்கடுக்காக எதையோ கொட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணி, கடை போட்டாச்சா?"

"கேக்குக்கு வேண்டியது எல்லாம் இதுக்குள்ள இருக்கு. வாங்கறவங்க முட்டையும் வெண்ணெயும் சேர்த்து சுட்டுக்கணும்."

"முழுசா சுட்டே குடுத்துட வேண்டியதுதானே?"

"ஈரம் பட்டா நாக்கு வேணும், மூக்கு வேணும். காஞ்சதுக்குத் தராசு போதும்" என்றாள் அண்ணி. "மாவு இருநூத்தம்பது, சர்க்கரை நூத்தெண்பது, கோகோ நாப்பது. இதுல நான் தப்பு பண்ண மாட்டேன்."

இது எனக்குத் தோன்றவே தோன்றாது. ஆனாலும் சும்மா இருந்தால் நான் நாத்தனாரா? "அடுக்கு கோணலா இருக்கு" என்றேன். ஜாடியைத் தட்டிச் சமமாக்கினாள். அப்போதும் மேலே இரண்டு விரல் இடம் மிச்சம் இருந்தது. "போன தடவை கணக்குப் போட்டப்ப நிறைஞ்சுதே" என்று முணுமுணுத்தபடி இன்னும் கொஞ்சம் முந்திரியைப் போட்டு மூடினாள்.

ஒவ்வொரு ஜாடியின் கழுத்திலும் நூலால் ஒரு சீட்டு கட்டியிருந்தாள். இரண்டு முட்டை, நூறு கிராம் உருக்கிய வெண்ணெய், முப்பது நிமிஷம். அதற்குக் கீழே: "வேகும்போது வீட்டில் என்ன வாசனை வந்தது, சாப்பிட எப்படி இருந்தது, இரண்டையும் எனக்குச் சொல்லுங்கள். 'நன்றாக இருந்தது' என்று மட்டும் சொல்லாதீர்கள்."

பதினோரு ஜாடி பதினோரு வீட்டுக்குப் போனது. ஒன்று அவள் வீட்டுக்கு. ஒன்று எனக்கு.

அதற்கப்புறம் அண்ணிதான் என்னைத் தேடித் தேடிப் போன் செய்தாள். கையில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, வந்த பதில்களை எழுதி எனக்குப் படித்துக் காட்டுவாள். மாடி வீட்டு டீச்சர், வாசனை படிக்கட்டு வரைக்கும் இறங்கி வந்ததாகச் சொன்னாராம். அலுவலகத்து மேலாளர் வீட்டில், பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாராம். இன்னொருவர், மழை நின்று வெயில் அடித்த மரக்கதவு வாசனை என்றாராம்.

"கோகோவுக்கும் மரக்கதவுக்கும் என்ன சம்பந்தம்னு ரெண்டு நாளா யோசிச்சிட்டிருக்கேன்" என்றாள் அண்ணி. "எனக்கு மூக்கு இருந்தப்பகூட இது தோணினதில்ல."

"சாப்பிட எப்படி இருந்துச்சாம்?"

"அதை மட்டும் எல்லாரும் சூப்பர்ங்கறாங்க. விவரமே சொல்ல மாட்டேங்கறாங்க. அது கிடக்கட்டும், நீ எப்ப சுடப்போறே? பதினோரு பேர் சொல்லியாச்சு, நோட்டுல உன் பக்கம்தான் காலியா இருக்கு. அலுவலகத்துல எல்லாருக்கும் இன்னும் முப்பது ஜாடி பண்ணலாம்னு இருக்கேன்."

என் வீட்டு ஓவனில் வாணலி அடுக்கி வைத்து வருஷக்கணக்காகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தலையெழுத்தே என்று எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டுவிட்டுச் சுட்டேன். வாசனை பிரமாதம். பொய் சொல்லக் கூடாது, நானே ஓவன் கதவருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஆறியதும் ஒரு துண்டை வெட்டி வாயில் போட்டேன்.

உப்பு. கொஞ்ச நஞ்சம் இல்லை, கடலையே காய்ச்சி ஊற்றின உப்பு. ஓடிப்போய்த் தொட்டியில் துப்பிவிட்டு, நாலு தம்ளர் தண்ணீர் குடித்தேன். சர்க்கரை இருக்க வேண்டிய நூற்றெண்பது கிராமும் உப்பு.

என் ஜாடியில் மட்டும் தவறிப்போயிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. பதின்மூன்றும் ஒரே நாளில், ஒரே டப்பாவிலிருந்து நிரப்பியவை. அப்படியானால் அந்தப் பதினோரு பேர் எதைச் சாப்பிட்டு சூப்பர் என்றார்கள்? எங்கள் கடையில் சில பேர், கண் பரிசோதனைக்கு மாட்டியிருக்கும் எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துகொண்டு வந்து கடைசி வரிவரைக்கும் கடகடவென்று ஒப்பிப்பார்கள். அவர்களைக் கண்டாலே எனக்கு எரியும். அந்த எரிச்சலோடு கேக்கை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு, நேராக மாடி வீட்டு டீச்சரிடம் போனேன்.

டீச்சர் என் கையிலிருந்த டப்பாவைப் பார்த்ததுமே திருதிருவென்று விழித்தார். "வாசனை உண்மைம்மா. நிஜமாவே படிக்கட்டு வரைக்கும் வந்துச்சு" என்றார்.

"ருசி?"

"உங்க அண்ணன்தான் போன் பண்ணினார். அவகிட்ட சொல்லிடாதீங்க, நல்லா இருந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்கன்னு கெஞ்சினார். பாவம், அந்த மனுஷன் குரலைக் கேட்டா யாருக்குத்தான் மனசு வரும்?"

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. அண்ணன் அன்று நாலு தெரு தள்ளி ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் வேலையாக இருந்தான். போனேன். தரைத்தளத்தில் லிஃப்ட் கதவு திறந்து கிடக்க, பள்ளத்துக்குள் நின்றுகொண்டு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தான். அவன் தலை மட்டும் வெளியே தெரிந்தது.

"அண்ணா, உங்க வீட்டுல சுட்ட கேக் எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

"எத்தனை துண்டு சாப்பிட்டே?"

"ரெண்டு." ஸ்பானரைத் துணியில் துடைத்தான். அப்புறம் என் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தான். "அவ எதிர்ல உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துட்டிருந்தா. நான் என்ன பண்ண? மூணு நாள் தண்ணியா குடிச்சேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அவன் மண்டையில் ஒன்று போடலாம் போலவும் இருந்தது. தப்பு தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டான். மலிவாகக் கிடைக்கிறதென்று மூட்டை உப்பை வாங்கிவந்து ஒரு பெரிய டப்பாவில் கொட்டியிருக்கிறான். பக்கத்து டப்பாவில் சர்க்கரை. இரண்டையும் வெளியே ஈரத்துணியால் துடைத்தபோது, ஒட்டியிருந்த சீட்டுகள் கழன்று விழுந்தன. மாற்றி ஒட்டிவிட்டான். அண்ணி சீட்டைப் படித்தாள், எடை போட்டாள்.

"ரெண்டு சீட்டையும் சரியா ஒட்டிட்டேன். அடுத்த முப்பது ஜாடியும் சரியா இருக்கும்" என்றான். "இப்ப போய்ச் சொல்லி என்ன ஆகப்போகுது? அந்த ஜாடியைக் கையில எடுத்தப்புறம்தான் அவ நாற்காலியை விட்டு எழுந்திருச்சா. நோட்டை வச்சுக்கிட்டுச் சிரிக்கறா. மறுபடி ஜன்னலண்டை போய் உட்கார்ந்துட்டான்னா, நீ வந்து எழுப்புவியா?"

"எனக்கு மட்டும் ஏன் போன் பண்ணல?"

"நீ சுடவே மாட்டேன்னு நினைச்சேன்."

நீ வந்து எழுப்புவியா என்று அவன் கேட்டது நியாயம்தான். ஒரு நிமிஷம் ஆடிப்போய்விட்டேன். ஆனால் அவளுக்கு இருக்கிற நாக்கு இப்போது நாம்தான். நாமும் பொய் என்றால் அவளுக்கு என்ன மிச்சம்? "நான் போறேன். வர்றதுன்னா வா" என்று நடந்தேன். கிரீஸ் கையோடு பின்னாலேயே வந்தான்.

அண்ணி நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். டப்பாவைப் பார்த்ததும் பேனாவைத் திறந்தாள். "சொல்லு கண்ணாடிக்காரி, எப்படி இருந்துச்சு?"

"உப்பு, அண்ணி."

"உப்பு தூக்கலா?"

"சர்க்கரையே இல்ல. முழுக்க உப்பு."

பேனாவை வைத்துவிட்டாள். கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்தாள். உதடு அசைந்தது, பதினோரு பெயரையும் படிக்கிறாள் என்று தெரிந்தது. பிறகு, "அதான் ஜாடியில மேல இடம் இருந்துச்சு. அதே எடைக்கு உப்பு கொஞ்ச இடம்தான் பிடிக்கும்" என்றாள். அதைச் சொல்லும்போது கண்ணில் ஒரு சின்ன வெளிச்சம்கூட வந்தது. அதற்கப்புறம்தான் அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"நீங்க ரெண்டு துண்டு சாப்பிட்டீங்களே?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு டப்பா, சீட்டு, போன் எல்லாவற்றையும் சொன்னான். அண்ணி அழுதாள். காய்ச்சலுக்கப்புறம் அவள் அழுது நான் பார்த்ததில்லை. "மூக்கு போச்சு, நாக்கு போச்சு, சரின்னு விட்டுட்டேன்" என்றாள். "உங்களை நம்பித்தானேங்க உட்கார்ந்திருக்கேன். நீங்களும் நல்லா இருக்குன்னே சொல்லிட்டிருந்தா, நான் யார்கிட்ட போய்க் கேக்கறது?"

சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்றுகூட ஒரு நொடி நினைத்தேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். ஜன்னல் பக்கம் போகவில்லை, அலமாரிப் பக்கம் போனாள். இரண்டு டப்பாவையும் இறக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். நக்கிப் பார்த்து, இது உப்பு, இது சர்க்கரை என்றேன். அப்புறம் தராசை எடுத்து, ஒரு ஜாடிக்கு வேண்டியதை எடை போட்டு, ஜாடியில் போடாமல் நேராகப் பாத்திரத்தில் கொட்டினாள். முட்டையை அவளே உடைத்து ஊற்றினாள். வேகும்போது பொறுமையே இல்லை. மூன்று தடவை ஓவனைத் திறந்து திறந்து பார்த்தாள். "இப்ப வாசனை எப்படி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்குத் தெரிந்த வார்த்தையெல்லாம் தீர்ந்துபோய்விட்டது.

முப்பது நிமிஷம் ஆனதும் எடுத்தாள். கொஞ்சம் ஆற விட்டு ஒரு துண்டை வெட்டினாள். எனக்கு இல்லை, அண்ணனுக்கு. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அவன் முகத்தையே பார்த்தாள்.

அண்ணன் மென்றான். "ம், நல்லா..." என்று ஆரம்பித்தான். நிறுத்திவிட்டான். என்னைப் பார்த்தான். நெற்றியில் வேர்த்துவிட்டது அவனுக்கு.

"நடுவுல வேகல" என்றான். "மாவா இருக்கு."

அண்ணி எழுந்து ஒரு குச்சியை எடுத்துவந்தாள். கேக்கின் நடுவில் குத்தி வெளியே இழுத்தாள். குச்சியில் பச்சை மாவு வழிந்தது. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். பிறகு அவன் பக்கம் திரும்பி, "நிஜமாத்தான் சொல்றீங்க" என்றாள்.