மூன்றாம் மரவீட்டின் கதவு

பாம்புக்குப் பயந்து வேலையை விட்டு ஓடி வந்தவள் என்று ஏணியக்காவைச் சொல்கிற வாய்களெல்லாம் கொஞ்ச நேரம் மூடி இருக்கட்டும். அந்தத் தோட்டத்தில் பதினோரு வருஷம் மரமேறி இறங்கியவள் அவள். ஒருநாள் தண்ணீர் வாளிக்குள் பச்சைப்பாம்பு சுருண்டு கிடந்தது. குச்சியால் தூக்கி வேலிக்கு அந்தப் பக்கம் போட்டுவிட்டு, அதே வாளியைக் கழுவித் தண்ணீர் பிடித்தாள். அவளா பாம்பைப் பார்த்து ஓடுவாள்? இல்லை, எதையோ திருடி மாட்டிக்கொண்டாள் என்கிறாள் மாடிவீட்டுக்காரி. மரவீட்டில் போய் எதைத் திருடுவாளாம், மரத்தையா?

போகட்டும். அவள் வேலையை விட்ட அன்றைக்குக் கழற்றிப் போட்ட மூன்றாம் வீட்டு ஏணி இன்றைக்கும் தரையில்தான் கிடக்கிறது, அங்கே ஒருவரும் தங்குவதில்லை. ஏன் என்று யாராவது கேட்டார்களா? கேட்க மாட்டார்கள். பேசத்தான் தெரியும்.

ஊருக்கு வெளியே இருக்கும் அந்தத் தோட்டத்தில் நான்கு பெரிய மரங்கள், மரத்துக்கு ஒரு வீடு. ஒவ்வொரு வீடும் ஆறு தூண்களின் மேல் நிற்கும். மரம் தரைப்பலகையைத் துளைத்து அறைக்குள் வந்து, கட்டிலை உரசாத குறையாக நின்று, கூரை வழியாக வெளியே போகும். கிளைகளுக்கு நடுவே தூங்க வேண்டும் என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருவார்கள். வந்தவர்களின் படுக்கை விரிப்பு, தலையணை, துண்டு எல்லாவற்றையும் கூடையில் வைத்துக் கப்பியால் மேலே இழுத்து, அறையைப் பெருக்கித் துடைத்து வைப்பது அவள் வேலை. நாளுக்கு இருபது தடவையாவது ஏணியில் ஏறி இறங்குவாள். பேரும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

வருகிறவர்களைப் பற்றிச் சொல்லப்போனால் பொழுது போதாது. பறவைச் சத்தம் கேட்க வந்த ஒரு பெரிய மனிதர், காலை ஐந்து மணிக்கு அவளைக் கூப்பிட்டு, "ஏம்மா, இதுங்கள கொஞ்சம் சத்தம் போடாம இருக்கச் சொல்ல முடியாதா?" என்று கேட்டார். "சொல்லிப் பாக்குறேங்க, என் பேச்சை என் புருஷனே கேக்க மாட்டாரு" என்றாள்.

அந்த வீடுகளைக் கட்டியதே அவள் புருஷன்தான். தச்சுவேலைக்காரர். கட்டும்போதே மரத்துக்கும் தரைப்பலகைக்கும் நடுவில் சுற்றிலும் நான்கு விரல் இடைவெளி விட்டார். கூரையிலும் அப்படியே விட்டு, மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலே மரத்தைச் சுற்றி ரப்பர் பாவாடை கட்டினார். மழைக்காலம் முடிந்ததும் போய், மரம் எவ்வளவு பருத்திருக்கிறதோ அவ்வளவுக்குப் பலகையை அறுத்துவிடுவார். முதுகு பிசகி அவர் ஏணி ஏற முடியாமல் போனபின், கைவாளை எடுத்துக்கொண்டு அவளே ஏறினாள். "என் விரல் நாலுன்னா உன் விரல் அஞ்சு, கட்டைவிரலையும் சேத்து அள" என்று சொல்லி அனுப்பினார். அவளும் முழுக் கையை நுழைத்துத்தான் அளப்பாள். பெருக்குகிற குப்பையும் அந்த இடைவெளி வழியாகக் கீழே போய்விடும், அள்ளுகிற வேலை மிச்சம்.

அதற்குத்தான் வினை வந்தது. மூன்றாம் வீட்டில் தங்கிய ஒரு அம்மாள், தரை ஓட்டை வழியாக எறும்பு வந்து படுக்கையில் ஏறியது என்று போனில் எழுதி, ஒரே ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போனாள். முதலாளிக்கு அந்த ஒற்றை நட்சத்திரம் கண்ணில் விழுந்த தூசி மாதிரி. ஏணியக்கா தங்கை மகளின் பிரசவத்துக்காக மூன்று நாள் லீவில் போயிருந்த சமயம், வேறு ஆளை வைத்து இடைவெளியை அடைத்துவிட்டார். வழவழவென்று இழைத்த பலகையை வளையமாக வெட்டி, மரத்திலேயே எட்டு ஆணி இறக்கி, ஓரமெல்லாம் பசை பூசி முடித்தாயிற்று. அதோடு விடாமல் கூரைப்பக்கமும் அப்படியே செய்திருந்தார்கள்.

திரும்பி வந்தவள் பெருக்கினாள். குப்பை போக வழியில்லாமல் மரத்தடியில் குவிந்து நின்றது.

"எப்படி, அழகா இருக்குல்ல?" என்றார் முதலாளி.

"அழகுக்கு என்ன முதலாளி. காத்தடிச்சா என்ன பண்ணும்?"

"பதினோரு வருஷமா அடிக்காத காத்தா?"

அன்று மாலை புருஷனிடம் சொன்னாள். அவர் சாப்பாட்டில் வைத்த கையை எடுக்கவே இல்லை, அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"மரம் ஆடணும். வீடு நிக்கணும். ரெண்டையும் ஆணி அடிச்சு ஒண்ணாக்கிட்டா, இழுத்துக்கிட்டே கிடந்து எதாவது ஒண்ணு உடையும்."

"மரம் உடையாதுங்க."

"அப்ப மிச்சம் எது?"

அவர் கையில் சோறு காய்ந்துபோயிருந்தது.

பத்து நாள் கழித்து ஒருநாள் நல்ல காற்று. மறுநாள் மூன்றாம் வீட்டுக் கதவு சாத்தும்போது மேல்மூலையில் இடித்தது. அடுத்த வாரம் தோள் கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தது. முதலாளியிடம் மூன்று தடவை சொன்னாள். அவர் ஆளை அனுப்பிக் கதவின் ஓரத்தை இழைக்க வைத்தார். நாலே நாளில் மறுபடியும் இடித்தது. மறுபடியும் இழைத்தார்கள்.

"இப்படியே இழைச்சா கடைசியில தீக்குச்சிதான் முதலாளி மிஞ்சும். கோணினது கதவில்ல, வீடு."

"நீ வீடு கட்டுறவளா, பெருக்குறவளா?"

பெருக்குகிறவள்தான். அந்தக் கதவைத் தினமும் திறக்கிறவளும் அவள்தான், முதலாளி இல்லை.

பிறகுதான் அந்தப் பாம்பு வந்தது. அன்றைக்கு வானம் கறுத்துக் காற்று எழும்பிக்கொண்டிருந்தது. மூன்றாம் வீட்டுக்கு வேனில் ஒரு குடும்பம் வந்து இறங்கியது. புருஷன், பெண்டாட்டி, ஓடுகிற வயதில் இரண்டு பிள்ளைகள், பெண்ணைப் பெற்ற அம்மா. ஏணியக்கா கூடையோடு கீழே நின்றிருந்தாள். குனிந்து பார்த்தால், மேற்குப்பக்கத் தூண் தன் அடிக்கல்லில் இருந்து ஒரு விரல் நகர்ந்திருக்கிறது. பிள்ளைகள் ஏணியில் கால் வைத்துவிட்டன. முதலாளியைத் தேடி ஓட நேரமில்லை. தூணையும் ஆணியையும் சொல்லி விளக்கினால் அவர்கள் அவரைத்தான் கேட்பார்கள், அவர் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார். எல்லாம் யோசித்தாளோ இல்லையோ, வாயில் வந்தது இதுதான்.

"ஏறாதீங்க! மேல பாம்பு இருக்கு. நல்லபாம்பு. ரெண்டு."

அம்மாக்காரி பிள்ளைகளை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு வேனுக்கு ஓடினாள். மாமியாரையும் தள்ளிவிட்டு அவர்களுக்கு முன்னால் ஓடியவர் அந்த மாப்பிள்ளைதான்.

பாம்பு பிடிக்கிறவர் வந்து அரை நாள் தேடினார். மெத்தையைப் புரட்டினார், கூரையைத் தட்டினார். ஒரு பல்லி கிடைத்தது. இதுதான் நடந்தது, வாசலில் உட்கார்ந்து பேசுகிறவர்களுக்குப் பாதிதான் வந்து சேர்ந்தது. அவள் பாம்பைப் பார்க்கவே இல்லை. பொய் சொன்னாள். ஆமாம், பச்சைப் பொய். அதை அவளே ஒப்புக்கொண்டாள், வேறு யார் வந்து மறைக்க வேண்டும்?

மறுநாள் காலை முதலாளி அவளை மூன்றாம் வீட்டுக்கே வரச் சொன்னார். அவள் வழக்கம்போல் விரிப்புகளோடு ஏறினாள். தோளால் இடித்துக் கதவைத் திறந்து உள்ளே போனாள்.

"ஏன் பொய் சொன்னே?"

"நெஜம் சொன்னப்ப நீங்க கேக்கல முதலாளி."

"நாளைக்கு வர்றவங்களுக்கு என்ன சொல்லுவே? யானைன்னா?"

"அந்தப் பலகையக் கழட்டி, அஞ்சு விரல் விட்டுடுங்க. தூணைச் சரி பண்ணுங்க. இப்பவே படுக்கை விரிக்கிறேன்."

"இன்னொரு தடவை எறும்பு வந்துச்சுன்னு எழுதினா?"

"எறும்பு கடிச்சா எழுதுறதுக்கு ஆள் இருக்கும்."

முதலாளி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார். "விரிப்பைப் போடு. இல்லேன்னா கிளம்பு."

அவள் சண்டை போடவில்லை, அழவும் இல்லை. கொண்டுவந்த இரண்டு விரிப்புகளையும் மடிப்புக் கலையாமல் கட்டிலின் கால்மாட்டில் வைத்தாள். இடுப்பில் இருந்த நான்கு சாவிகளையும் அவிழ்த்து அதன் மேல் வைத்தாள். இவ்வளவு நாள் விரல் நுழைத்து அளந்த இடத்தில் உட்கார்ந்து ஒரு தடவை கையை வைத்துப் பார்த்தாள். பலகை வழவழவென்று இருந்தது. எழுந்து கதவுக்கு வெளியே போனாள்.

"கதவைச் சாத்திட்டுப் போ" என்றார் முதலாளி உள்ளிருந்து.

அவள் அதற்குள் ஏணியில் பாதி இறங்கியிருந்தாள். கீழே கால் வைத்தபோது, மேலே முதலாளி கதவைத் தள்ளுகிற சத்தம் கேட்டது. ஒரு தடவை, இரண்டு தடவை, அப்புறம் தோளைக் கொடுத்து மூன்றாம் தடவை. கதவு மூடிக்கொள்ளவில்லை. அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.