பீரோவுக்குள் இருந்த ஆள்

வீடு மாற்றித் தரும் கம்பெனியில் அவனுக்குப் பீரோ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது; அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்ப்பதில்லை. ஓர் இரும்புப் பீரோவைத் தனி ஆளாக முதுகில் ஏற்றி ஐந்தாம் மாடியிலிருந்து இறக்கியதால் வந்த பட்டம் அது. அன்றைக்கு உள்ளே துணிமணியும் இருந்தது என்பார்கள். துணிமணி மேல் அந்த வீட்டுப் பூனை தூங்கிக்கொண்டிருந்தது, கீழே வந்து கதவைத் திறந்தபோதுதான் கண் விழித்தது என்று சொல்பவர்களும் உண்டு. பூனையை நான் பார்க்கவில்லை. பீரோவைப் பார்த்தேன், அது நிஜம்.

இத்தனை பலமும் வெளியே தெரியாது என்பதுதான் வேடிக்கை. நாற்பத்தாறு வயதில் தோள் எங்கே முடிகிறது, கழுத்து எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியாத உடம்பு. பஞ்சு மெத்தைக்குச் சட்டை மாட்டி நிறுத்தியது போல இருப்பான். எல்லாம் இனிப்பு செய்த வேலை. வண்டி ஏறும் முன் இரண்டு க்ரீம் பன், பதினோரு மணிக்கு ஒரு துண்டு கேக், வேலை முடிந்ததும் கோன் ஐஸ். கம்பெனி இருந்த தெருவில் எறும்புகள் அவனைக் கண்டால் தங்கள் வரிசையைக் கலைத்துவிட்டு அவன் பின்னால் போகும். நம்பாதவர்கள் அந்த எறும்புகளைக் கேட்டுக்கொள்ளலாம்.

அவன் மனைவி சாக்லேட் செய்பவள். அவள் வேலை பார்த்த கேக் கடைக்குப் பெரிய அடுப்பு ஒன்றை இறக்க வந்தவன், கூலியோடு அவள் கொடுத்த சாக்லேட்டையும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, அடுப்பைத் தப்பான மூலையில் வைத்துவிட்டதாகத் தானே சொல்லி மறுநாளும் வந்தான். மூன்றாம் நாளும் வந்தான். அடுப்பு போதுமான அளவு ஊர்வலம் போன பிறகு கல்யாணம் ஆனது. பதினாறு வருடம் ஒரே வீட்டில், ஒரே சமையலறையில், பிள்ளை குட்டி இல்லாமல், ஆனால் சண்டைக்கும் சிரிப்புக்கும் குறைவில்லாமல் இருந்தார்கள்.

பிறகு அவளுக்குத் தூர தேசத்து ஹோட்டல் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு வருட ஒப்பந்தம். சாக்லேட்டுக்கு மட்டும் தனிச் சமையலறை, அதற்கு அவளே தலைவி. கடிதத்தை அவள் நாலு தரம் படித்துக் காட்டினாள். நாலாவது தரம் அவள் குரல் நடுங்கியதைக் கேட்டதுமே, போகாதே என்று சொல்லும் உரிமை தனக்கு இல்லை என்று அவன் தீர்மானித்துவிட்டான்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் முழுக்க உட்கார்ந்து ஐம்பத்திரண்டு சாக்லேட் செய்தாள். உள்ளே வறுத்த பருப்பு, வெளியே தங்க நிறத் தாள். தகர டப்பாவில் அடுக்கி ஃப்ரீசரில் வைத்து, "வாரம் ஒண்ணு. இது தீர்றதுக்குள்ள வந்துடுவேன்" என்றாள். அப்புறம் அவன் வயிற்றில் விரலால் தட்டி, "இந்த உடம்புக்குள்ள எங்கயோ ஒரு ஆள் ஒளிஞ்சிருக்காருங்க. பீரோவத் தூக்கறது அவர்தான். ஒரு நாளாவது அவரைப் பாக்கணும்" என்று சொல்லிச் சிரித்தாள்.

சிரித்துக்கொண்டு சொன்னதைச் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவது புத்திசாலிகள் வழக்கம். பீரோ அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டான்.

தெருமுனையில் ஒரு உடற்பயிற்சிக் கூடம் இருந்தது. நடத்துபவள் இருபத்தெட்டு வயதுப் பெண். பளு தூக்கும் போட்டிகளில் மெடல் வாங்கியவள். எல்லோருக்கும் கோச். அவன் மட்டும் மரியாதை மிகுந்து கோச்சம்மா என்பான். முதல் நாளே அவன் தூக்கிய எடையைப் பார்த்து, கூடத்தில் இருந்த பையன்கள் எல்லாம் கண்ணாடி பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். கோச் மட்டும் அசரவில்லை. தசை எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது, மேலே கிடக்கிற போர்வையைத்தான் விலக்க வேண்டும் என்றாள். அதற்காகப் பட்டினி கிடந்தால் போர்வையோடு தசையும் போய்விடும்; வாரம் நாலு நாள் எடை தூக்க வேண்டும், முட்டை, கோழி, தயிர், பயறு என்று ஒழுங்காகச் சாப்பிட வேண்டும், ஏழு மணி நேரம் தூங்க வேண்டும். இனிப்பைப் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டான். வாரத்தில் ஒன்று தாராளமாகச் சாப்பிடலாம், தினமும் நாலு வேளை சாப்பிடுவதுதான் வம்பு என்றாள். முற்றிலும் நிறுத்தியவர்கள் பத்தாம் நாள் முழுக் கேக்கோடு கையும் களவுமாகப் பிடிபடுவார்களாம்.

அவனுக்கு அது வேதவாக்கு ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை பயிற்சி முடித்துக் குளித்துவிட்டு, ஒரு சாக்லேட்டை எடுத்துத் தட்டில் வைத்து, அது இளகும் வரை காத்திருந்து, பல் படாமல் சாப்பிடுவான். வேறு இனிப்பைத் தொடுவதில்லை. உடம்புக்காக இல்லை. க்ரீம் பன்னைத் தின்றால் அவள் கைருசி நாக்கிலிருந்து அழிந்துவிடும் என்று பயம். முதலாளி வீட்டுக் கல்யாணத்தில் மூன்றடுக்குக் கேக் அவன் முன்னால் வந்து நின்று, வெட்கப்பட்டுத் திரும்பிப் போனது.

ஐந்தாறு மாதத்தில் சட்டைகள் தொளதொளத்தன. அவள் வீடியோவில் கூப்பிடும்போது கழுத்துவரை பொத்தான் போட்டு, முகம் மட்டும் தெரிய உட்கார்ந்துகொள்வான். வந்து பார்த்து அவள் அசந்து போக வேண்டும். ஏன் இளைத்துவிட்டீர்கள் என்று அவள் கேட்டால் போன் சரியில்லை என்பான். அவள் தன் சமையலறையைச் சுற்றிக் காட்டுவாள். பளிங்கு மேடை, சாக்லேட் உருகிச் சுழலும் யந்திரம், அவள் சொன்னதைக் கேட்கும் ஆறு பேர். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவான்.

டப்பாவில் பத்து மிச்சம் இருக்கும்போது அவள், இன்னும் ஆறு மாதம் இருக்கச் சொல்கிறார்கள் என்று சொன்னாள்.

"என்னங்க சொல்றீங்க?"

"உன் இஷ்டம்மா" என்றான் அவன்.

ஊரார் சுமையெல்லாம் முதுகில் ஏற்றியவன். தான் ஒருத்திக்குச் சுமையாகிவிடக் கூடாது என்று நினைத்தான். அதை நல்ல குணம் என்று சொல்வதா, அசட்டுத்தனம் என்று சொல்வதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

போனை வைத்ததும் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தான். தீர்வதற்குள் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். தீர்ந்துவிட்டால் அவள் சொல் பொய்யாகிவிடும். தையற்கடையிலிருந்து ஒரு பிளேடு வாங்கி வந்து, பத்தையும் நான்கு நான்காக வெட்டினான். நாற்பது துண்டு. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. பூசணம் பூத்தது போல் அவற்றின் மேல் வெளுப்பு படர ஆரம்பித்திருந்தது. சாக்லேட்டுக்கும் நரைக்கும் போலிருக்கிறது.

அதில் ஒன்றை ஒரு ஞாயிறு கூடத்துக்கே கொண்டுபோயிருந்தான். கோச் குனிந்து பார்த்தாள்.

"அண்ணா, இது தீனியா, மாத்திரையா?"

"இதுதான் கோச்சம்மா இந்த வாரத்துக்கு."

"நான் முழுசா ஒண்ணு சாப்பிடச் சொன்னேனே. கடையில வாங்கித் தின்னா நாக்கு வேண்டாங்குதா?"

அவன் அந்தத் துண்டை மறுபடி தங்க நிறத் தாளில் மடித்தான். கோச்சுக்கு விஷயம் பாதி புரிந்தது. மீதியைக் கேட்காமல் அவன் சாப்பாட்டுப் பட்டியலில் தினமும் இரண்டு முட்டையும் ஒரு தட்டு சோறும் கூட்டி எழுதினாள்.

அதன் பிறகுதான் கோடுகள் வர ஆரம்பித்தன. முதலில் தோளுக்கும் கைக்கும் நடுவில் ஒன்று, யாரோ பென்சிலால் இழுத்த மாதிரி. பிறகு முதுகின் இரு பக்கமும். கடைசியில் வயிற்றில், அடுக்கி வைத்த செங்கல் போல. வண்டியில் கூட வருகிறவர்கள் சட்டையைத் தூக்கிப் பார்த்து விசில் அடித்தார்கள். என்னப்பா ரகசியம், எங்களுக்கும் சொல்லேன் என்று நச்சரித்தார்கள். என்ன சொல்வான்? அவனுக்கு ஒவ்வொரு கோடும் அவள் வராத ஒரு மாதம். தோளில் வந்தது முதல் மாதம், வயிற்றில் வந்தது மூன்றாவது. மற்றவர்கள் பாராட்டப் பாராட்ட அவன் முகம் இன்னும் இறங்கியது.

நாற்பதில் ஏழு துண்டு மீந்திருந்த வாரம், அவள் இரண்டாம் முறை கேட்டாள். மறுபடியும் ஆறு மாதம். இந்தத் தடவை கேட்டுவிட்டு அவள் கொஞ்சம் கூடுதலாகவே காத்திருந்தாள். அவன் அதே இரண்டு வார்த்தையைச் சொன்னான்.

மறுநாள் மூன்றாம் மாடி வீடு ஒன்றைக் காலி செய்யும் வேலை. லிஃப்ட் வேலை செய்யவில்லை. நல்ல வெயில். வியர்வையில் ஊறிய பனியனைக் கழற்றிப் பிழிந்து கம்பியில் போட்டுவிட்டு, மடக்கு மேஜை ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினான் பீரோ. இரண்டாம் மாடித் திருப்பத்தில் எதிரே ஒருவன் மேஜையோடு வழியை மறித்து நின்றான். கட்டுமஸ்தான ஆள். புதிதாக வேலைக்கு வந்தவன் போல.

"கொஞ்சம் ஒதுங்குங்க, நான் இறங்கிக்கறேன்."

அவன் ஒதுங்கவில்லை. பீரோ வலப்பக்கம் நகர்ந்தால் அவனும் நகர்ந்தான். பின்னால் வந்த கூட்டாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபோதுதான் தெரிந்தது, அது அலமாரியிலிருந்து கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்த ஆளுயரக் கண்ணாடிக் கதவு. பீரோவின் வீட்டில் சவரம் செய்யும் கண்ணாடி மட்டும்தான் உண்டு; கூடத்தில் அவன் தொளதொள சட்டையைக் கழற்றியதே இல்லை.

மேஜையை இறக்கி வைத்தான். கண்ணாடியைப் பார்த்தான். ஒளிந்திருந்த ஆள் வெளியே வந்து நிற்கிறான், எல்லாக் கோடுகளோடும். பார்க்கணும் என்று சொன்னவள் மட்டும் இல்லை. இனிமேல் இந்த உடம்பில் செய்வதற்கு ஒன்றுமில்லை, பார்க்கப்படுவதைத் தவிர. அவன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். வீட்டுக்கார அம்மாள் மேலிருந்து எட்டிப் பார்த்து, கண்ணாடி உடைந்துவிட்டதா என்று பதறினாள். இல்லை என்று கை காட்டிவிட்டு மனைவிக்குப் போன் போட்டான்.

"என்னங்க இந்த நேரத்துல? ஏதாவது ஆயிடுச்சா?"

"ஒண்ணும் ஆகல. நீ வந்துடு."

அவள் யந்திரத்தை நிறுத்தும் சத்தம் கேட்டது.

"என்ன சொன்னீங்க?"

"வந்துடுன்னேன். உன் இஷ்டம்லாம் இல்ல. என் இஷ்டம்."

"காலையிலதாங்க கையெழுத்துப் போட்டேன்" என்றாள் அவள். "ரெண்டு தடவை கேட்டேன். ரெண்டு தடவையும் என் இஷ்டம்னுட்டீங்க. நான் இல்லாம இருக்கப் பழகிட்டீங்கன்னு நெனச்சேன்."

அதற்குள் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். சாயங்காலம் தன் இடைவேளையில் பேசுவதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டாள். மீதி வீட்டை அவன் எப்படி இறக்கினான் என்று கூட்டாளிகளுக்கே தெரியாது. ஒரு சோபாவை யாரும் உட்காராத சோபா போல் இல்லாமல், பெரியவர் ஒருவர் படுத்திருப்பது போல் மெதுவாக இறக்கினான் என்று மட்டும் சொன்னார்கள்.

சாயங்காலம் சொன்னபடி கூப்பிட்டாள். போனைச் சர்க்கரை மூட்டை மேல் சாய்த்து வைத்திருந்தாள். மேனேஜர் காலில் விழாத குறையாகக் கேட்டதில், ஆறு மாதம் நான்கு மாதமாகியிருக்கிறது. அதற்கு மேல் ஒரு நாள்கூடக் குறைக்க மாட்டேன் என்றுவிட்டாராம்.

"நாலா" என்றான் அவன்.

"டப்பா எப்பவோ தீர்ந்திருக்குமே."

"இல்ல. ஏழு இருக்கு."

அவள் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். கணக்கு உதைத்தது. காட்டச் சொன்னாள். அவன் டப்பாவை எடுத்துவந்து, வெளுத்துப்போன அந்த ஏழு துணுக்குகளையும் உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். அவள் முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள், பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"இன்னிக்கே எல்லாத்தையும் சாப்பிட்டுடுங்க. நான் பாக்கணும்."

"தீர்றதுக்குள்ள வரேன்னியே."

"வரல. சாப்பிடுங்க."

ஏழையும் ஒரேயடியாக வாயில் போட்டுக்கொண்டான். ஃப்ரீசர் வாசனை அடித்தது. பருப்பு நமத்துப் போயிருந்தது. கடைசியில், அடி நாக்கில், அவள் கை லேசாகத் தெரிந்தது. விழுங்கிவிட்டு, காலி டப்பாவைக் கழுவும் தொட்டியில் வைத்தான். அப்புறம் போனை அலமாரி மேல் நிறுத்தி, பின்னால் தள்ளி நின்று, கழுத்துப் பொத்தானிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினான்.

"யாருங்க இது?" என்றாள் அவள்.

"நீ பாக்கணும்னியே, அந்த ஆளு."

திரும்பி நிற்கச் சொன்னாள். திரும்பினான். விளக்குப் பக்கம் வரச் சொன்னாள். வந்தான். தோளில் அந்த முதல் கோடு விளக்கொளியில் நன்றாக விழுந்தது. அவள் கொக்கோ படிந்த விரலை மெல்ல நீட்டுவது தெரிந்தது. விரல் பெரிதாகி, படம் முழுவதும் இருட்டாகி, மறுபடி வெளிச்சமாயிற்று.

"தொட்டா போன் பட்டனெல்லாம் வந்து உங்கள மறைக்குதுங்க" என்றாள்.

"தொடாமப் பாரு."

அவள் கைகளை ஏப்ரனுக்குள் சுருட்டிக்கொண்டாள். இடைவேளை முடிய இன்னும் பதினோரு நிமிடம் இருந்தது. அவன் இன்னும் சற்று வெளிச்சத்துக்கு நகர்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.