முன்னோடியின் பக்கவாட்டுத் தோற்றம்

பூச்சிமருந்தைப் புட்டிகளில் நிரப்பி அனுப்பும் அந்தத் தொழிற்சாலையில் அவரை எல்லோரும் முன்னோடி என்றுதான் கூப்பிடுவார்கள். எதையும் முதலில் செய்து காட்டியதால் வந்த பெயர் அல்ல. எந்த வாசலில் நுழைந்தாலும் முதலில் தொந்தி ஓடி வரும். பின்னாலேயே ஆசாமி நிதானமாக வந்து சேருவார். யாரோ ஒரு குறும்புக்காரன் வைத்த பெயர் அவருக்கே பிடித்துப்போய்விட்டது. கேட்பதற்குத் தலைவர்களுக்கு வைக்கிற பட்டம் மாதிரி இருக்கிறது என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டார்.

லேபிள் ஒட்டும் இயந்திரத்தின் பக்கத்தில் நிற்பது அவர் வேலை. புட்டிகள் வரிசையாக வரும், இயந்திரம் ஒவ்வொன்றுக்கும் சட்டை போட்டு அனுப்பும். சட்டை கோணலாக விழுந்த புட்டியை முன்னோடி எடுத்து ஓரமாக வைப்பார். மயிரிழை சாய்ந்திருந்தாலும் அவர் கண்ணில் பட்டுவிடும். லேபிளில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் மட்டும் திருதிருவென்று முழிப்பார். "நேரா இருக்கான்னு பாக்கறதுதான் என் வேலை. படிக்கறது வாங்கறவங்க வேலை" என்பார்.

வாங்குகிறவர்களும் படிப்பதில்லை என்பதுதான் சிக்கல். அதனால், மருந்து தெளிக்கும்போது என்னென்ன உடுத்த வேண்டும் என்பதை லேபிளில் படமாகவும் போட வேண்டும் என்று ஒரு விதி வந்தது. கம்பெனி முதலில் போட்ட படத்தில் தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு ஓர் உருவம் நின்றது. லேபிள்களுக்கு அனுமதி தரும் அலுவலகத்தின் அதிகாரியம்மா அதைப் பார்த்த கையோடு திருப்பி அனுப்பிவிட்டார். இவன் வயலுக்குப் போகிறவனா, நிலாவுக்குப் போகிறவனா என்று தெரியவில்லையாம். நிஜமான ஓர் ஆளை நிற்க வைத்து வரையச் சொன்னார்.

கம்பெனியில் லேபிள் வரைகிற பெண் ஆள் தேடி வந்த அன்று லேபிள் இயந்திரம் பழுதாகிக் கிடந்தது. சும்மா நின்ற ஒரே ஆள் முன்னோடி. கையுறை, முகமூடி, முழங்கால் வரை பூட்ஸ் எல்லாம் மாட்டிவிட்டார்கள். மேலங்கியின் நாடாக்கள் மட்டும் முதுகுப்பக்கம் ஒன்றையொன்று எட்டிப் பார்த்ததோடு சரி. கடைசியில் அட்டைப்பெட்டி கட்டும் கயிற்றை நடுவில் போட்டு இழுத்துக் கட்டினார்கள்.

"அண்ணா, பக்கவாட்டுல நில்லுங்க. அப்பத்தான் முகமூடி தெரியும்" என்றாள் அந்தப் பெண்.

முன்னோடி திரும்பினார். முகமூடியும் தெரிந்தது. மற்றதும் தெரிந்தது.

மாதிரி லேபிள் அச்சாகி வந்ததும் ஒன்றைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனார். தையல் இயந்திரத்தில் உட்கார்ந்திருந்த மனைவி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தாள். கட்டைவிரல் அளவுக்குக் கறுப்பாக ஓர் உருவம்.

"மூஞ்சியே இல்லையே. நீங்கதான்னு எப்படி நம்பறது?"

"மூஞ்சியை விடு. அந்த வளைவைப் பாரு."

வளைவைப் பார்த்தாள். ஒப்புக்கொண்டாள்.

லேபிளைப் பீரோக் கதவில் ஒட்டினார். நேராகத்தான் ஒட்டினார். வந்தவர் போனவர் எல்லோரையும் பீரோவுக்கு முன்னால் நிறுத்திக் காட்டினார். மைத்துனனை வரவழைத்துக் காட்டினார். நாடு முழுக்க ஒவ்வொரு வயலிலும் தான் நிற்கப் போவதாகச் சொன்னார். மைத்துனன் தலையாட்டிவிட்டு, பீரோவுக்குள் என்ன இருக்கிறது என்று விசாரித்தான்.

பிறகு ஒருநாள் மேனேஜர் அறையிலிருந்து அழைப்பு வந்தது. பாராட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தலையை வாரிக்கொண்டு போனார். உள்ளே மேனேஜரும், வரைந்த பெண்ணும், அதிகாரியம்மாவும் இருந்தார்கள். அதிகாரியம்மா லேபிளைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், மறுபடி லேபிளைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"சந்தையில கொஞ்சம் பேர்கிட்ட இந்தப் படத்தைக் காட்டினோம். பார்த்தா என்ன புரியுதுன்னு கேட்டோம்."

"என்ன சொன்னாங்க?" என்றார் முன்னோடி ஆவலாக.

"கர்ப்பிணிகள் இந்த மருந்துப் பக்கம் போகக் கூடாதுன்னு புரியுதாம். எல்லாரும் அதையேதான் சொன்னாங்க. ஒருத்தர் ஏழு மாசம்னார். ஒரு பாட்டி மட்டும் இல்லை, நிறைமாசம், ரெட்டைப் பிள்ளைன்னு அடிச்சுச் சொல்லிட்டாங்க."

மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

"வயித்தைக் கொஞ்சம் குறைச்சிடறேன் மேடம். ரெண்டு நிமிஷ வேலை" என்றாள் வரைந்தவள்.

முன்னோடிக்குச் சுருக்கென்றது. "வயித்தை எடுத்துட்டா அது யாரோ ஒரு ஆளும்மா. அப்புறம் நான் எதுக்கு அவ்வளவு நேரம் நின்னேன்?"

"யாரும் எதையும் எடுக்க வேண்டாம்" என்றார் அதிகாரியம்மா. "கர்ப்பிணிகள் தெளிக்கக் கூடாதுங்கறதும் லேபிள்ல இருக்கணும். இத்தனை நாளா எழுத்துலதான் போட்டீங்க, அதை ஒருத்தரும் படிக்கலை. இந்தப் படம் எல்லாருக்கும் புரியுது. குறுக்க ஒரு சிவப்புக் கோடு போட்டு இதையே வெச்சுக்கோங்க. மேலங்கி, கையுறைக்கு ஒல்லியா வேற ஆளைப் பிடிங்க."

ஒல்லியான ஆளாகக் கணக்குப்பிரிவு குமாஸ்தா அகப்பட்டார். அவரை மேலங்கி ஒன்றரைச் சுற்று சுற்றியது.

செய்தி முன்னோடிக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போய்விட்டது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது. அவரைக் கண்டதும் தையலை நிறுத்திவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டபின் அவளுக்குக் கொஞ்சம் கோபமும் வந்தது.

"நான் ரெண்டு பிள்ளை பெத்தேன். அப்பல்லாம் ஒருத்தரும் என்னைப் படம் போடலை. உங்களைப் போட்டிருக்காங்க பாருங்க."

மைத்துனன் போன் செய்தான். "மச்சான், பாரம் கீரம் தூக்காதீங்க. மாடிப்படி ஏறாதீங்க. பொறந்ததும் மறக்காம தகவல் சொல்லுங்க."

தொழிற்சாலையில் இன்னும் மோசம். அவர் நடந்து வந்தால் வழிவிட்டு நின்றார்கள். புளிப்பாக ஏதாவது வேண்டுமா என்று மாற்றி மாற்றிக் கேட்டார்கள். இயந்திரத்துக்குப் பக்கத்தில் மெத்தை வைத்த நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டு, "உக்காருங்கண்ணே, இந்த நேரத்துல நிக்கக் கூடாது" என்றார்கள். முன்னோடி முறைத்துவிட்டு உட்கார்ந்தார். இத்தனை வருடம் நின்றே வேலை பார்த்தவருக்கு அது சுகமாக இருந்தது. கேலி ஓய்ந்த பிறகும் நாற்காலியை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை.

புட்டி கடைகளுக்கு வந்ததும், யாருக்கும் சொல்லாமல் கடைத்தெருவில் இருந்த பூச்சிமருந்துக் கடைக்குப் போனார். அலமாரியில் வரிசையாக நின்றார், எல்லாப் புட்டியிலும், குறுக்கே சிவப்புக் கோட்டோடு. மனசு இன்னும் முழுதாக ஆறவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு கணவனும் மனைவியும் உள்ளே வந்தார்கள். மனைவி நிறைமாதக்காரி. கடைக்காரர் எடுத்துக் கொடுத்த புட்டியைத் திருப்பிப் பார்த்தவள் அதைக் கணவன் கையில் திணித்தாள்.

"நான் தெளிக்கக் கூடாதாம். படம் போட்டிருக்கு. இந்தத் தடவை நீதான்."

கணவனுக்கும் நல்ல தொந்தி. அவன் படத்தைப் பார்த்தான். குனிந்து தன்னைப் பார்த்தான். பிறகு புட்டியைக் கடைக்காரர் பக்கம் தள்ளினான்.

"இது என்னைத்தான் சொல்லுது. தொப்பை இருக்கறவங்க தெளிக்கக் கூடாதாம்."

"அப்படியெல்லாம் இல்லைங்க. அது கர்ப்பிணிங்க" என்றார் கடைக்காரர்.

"கர்ப்பிணிக்கு இவ்வளவு கீழ இறங்கியா இருக்கும் வயிறு? நீங்களே பாருங்க. இது ஆம்பளை."

இதற்கு மேல் முன்னோடியால் பொறுக்க முடியவில்லை. "ஆம்பளைதாங்க" என்றார். "நான்தான் அது."

மூவரும் அவரைப் பார்த்தார்கள். நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. முன்னோடி பக்கவாட்டில் திரும்பி நின்றார்.

கடைக்காரர் புட்டியை அவர் வயிற்றுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். சந்தேகம் தீர்ந்தது. அந்தப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நல்லதாப் போச்சு" என்றான் கணவன். "நீங்க தெளிப்பீங்களா, மாட்டீங்களா? அதைச் சொல்லுங்க."

முன்னோடி யோசித்தார். லேபிளில் எழுதியிருப்பதைப் படித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று முதல் தடவையாகத் தோன்றியது. புட்டியை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பொடி எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்துக்கொண்டு வந்தார். கணவன் எட்டிப் பார்த்தபடி நின்றான். கடைக்காரர் ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

"தொப்பையைப் பத்தி ஒண்ணுமே போடலைங்க" என்றார் முன்னோடி கடைசியில். "காத்துக்கு எதிரா நின்னு தெளிக்காதே, தெளிச்ச கையோட சாப்பிடாதே, காலிப் புட்டியில தண்ணி ஊத்தி வெக்காதேன்னுதான் இருக்கு. நீங்க தாராளமாத் தெளிக்கலாம்."

கணவன் அவரை முறைத்துக்கொண்டே கையுறையும் முகமூடியும் விலை கேட்டான்.