முன்சாட்சி

ஊரில் பாதி வீட்டுச் சமையலறைகளுக்குள் அவருக்குப் போக்குவரத்து உண்டு. குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவர். பெரியவர், சிறியவர் எல்லோருக்கும் ‘ஃபிரிட்ஜ் அண்ணன்’. வயது முப்பத்தெட்டு. பெட்டியில் கை வைப்பதற்கு முன் உள்ளே இருப்பதை எல்லாம் வெளியே எடுத்துத் தரையில் துணி விரித்துப் பரப்பிவிடுவார். எந்தத் தட்டில் எது இருந்ததோ அது அதே தட்டுக்குத்தான் திரும்பிப் போகும். அவ்வளவு ஒழுங்கு. வாய் மட்டும் ஒழுங்கில்லை. “பேசாம வேலை செஞ்சா தினம் ரெண்டு வீடு கூடப் பாக்கலாம்” என்பாள் மனைவி. அவள் சொன்னதில் தப்பே இல்லை.

சனிக்கிழமை மாலையில் அந்த வாய்க்கு முழு விடுதலை. சபையின் பின்னறையில், பழைய பெஞ்சுகளுக்கும் ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்கும் நடுவே, பதின்வயதுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேருக்கு அவர்தான் வகுப்பு எடுப்பார். படித்தவர் என்று பாஸ்டர் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. பிள்ளைகள் அவர் பேச்சைக் கேட்டார்கள், அதனால் வகுப்பை அவரிடமே விட்டுவிட்டார்.

அவர் அடிக்கடி சொன்ன கதை அவருடைய சொந்தக் கதை. இருபத்து நான்கு வயதில் காசநோய். இருமினால் ரத்தம். நாற்பது கிலோ எலும்புக்கூடு. “ஆண்டவரைப் பிடிச்சேன். விடவே இல்லை. பாரு, இன்னிக்கு ஒத்தை ஆளா ஃபிரிட்ஜைத் தூக்கறேன்!” என்று மார்பைத் தட்டிக் காட்டுவார். பிள்ளைகள் கை தட்டுவார்கள்.

அந்தக் கதையில் ஒரு ஓட்டை இருந்தது. அதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. ஆறு மாதம், ஒரு நாள் விடாமல், அரசாங்க ஆஸ்பத்திரி மாத்திரையை அவர் விழுங்கியிருந்தார். முதல் தடவை சபையில் சாட்சி சொன்னபோது அதையும் சேர்த்துத்தான் சொன்னார். ஒருவரும் “அல்லேலூயா” சொல்லவில்லை. அடுத்த தடவை மாத்திரையை விட்டுவிட்டார். சபை அதிர்ந்தது. அதோடு மாத்திரை கதையிலிருந்து ஒரேயடியாகப் போய்விட்டது. பொய் சொல்லவில்லை, ஒன்றைச் சொல்லாமல் விட்டேன், அவ்வளவுதானே என்று பதினான்கு வருடம் மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார்.

வகுப்பில் அவர் கொண்டுவந்த வழக்கம் ஒன்று உண்டு. சுகம் வேண்டி ஜெபம் கேட்பவர்கள், சுகம் கிடைப்பதற்கு முன்னாலேயே எழுந்து நின்று “கிடைத்துவிட்டது” என்று சாட்சி சொல்ல வேண்டும். பிள்ளைகள் அதற்கு ‘முன்சாட்சி’ என்று பேர் வைத்துவிட்டார்கள். போன மாதம் பல்வலிக்காரன் ஒருவன் சனிக்கிழமை முன்சாட்சி சொல்லிவிட்டு, திங்கட்கிழமை வீங்கிய கன்னத்தோடு பல் டாக்டர் வாசலில் மாட்டிக்கொண்டான். அடுத்த சனிக்கிழமை வகுப்பே அவனை ஓட்டித் தள்ளியது. ஃபிரிட்ஜ் அண்ணனும் கூடச் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு எங்கே போய் முடியும் என்று அவருக்கு அப்போது தெரியவில்லை.

அந்த வகுப்பில் ‘வாயாடி’ என்று ஒரு பெண். பதினைந்து வயது. பேச ஆரம்பித்தால் அண்ணனே மூச்சு வாங்கிக்கொண்டு கேட்க வேண்டும். பதினோரு வயதில் அவளுக்குச் சர்க்கரை வியாதி வந்தது. அன்றிலிருந்து தினமும் நான்கு வேளை இன்சுலின் ஊசி, தன் கையாலேயே போட்டுக்கொள்வாள். போன சனிக்கிழமை அவள் எழுந்து நின்றாள். வழக்கமாகக் கை கால் ஆட்டிப் பேசுகிறவள், அன்றைக்கு ஒரே வரிதான் சொன்னாள். “ஆண்டவர் என்னைச் சுகமாக்கிட்டார்.” எல்லோரும் கை தட்டினார்கள். அண்ணன்தான் ரொம்ப நேரம் தட்டினார்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு வாயாடியின் அம்மா போன் செய்தாள். ரொட்டித் தொழிற்சாலையில் வேலை; பின்னால் இயந்திரச் சத்தம்.

“தம்பி, நம்ம வீட்டு ஃபிரிட்ஜ் குளிரவே இல்ல. உள்ள புள்ளையோட ஊசி மருந்து இருக்கு. கொஞ்சம் உடனே பாருங்களேன். அவ வீட்லதான் இருக்கா. உடம்பு அசதின்னு ஸ்கூலுக்குப் போகல.”

“இதோ கிளம்பிட்டேன்க்கா.”

கதவு திறக்க நேரமானது. திறந்தவளைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது. “என்ன வாயாடி, ராத்திரி பூரா பேசிட்டு இருந்தியா? முகம் ஏன் இப்படிக் கிடக்கு?” அவள் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வாயில் கவிழ்த்துக்கொண்டே போய்ச் சோபாவில் சுருண்டுகொண்டாள். மேசையில் காலி பாட்டில்கள் மூன்று கிடந்தன. அவர் கவனிக்கத்தான் செய்தார். ஆனாலும் வெயில் காலம், தண்ணீர் குடிக்கிறாள் என்று நினைத்தார்.

சமையலறையில் பெட்டி ‘டக்’ என்று சத்தம் கொடுத்து அடங்கியது. கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் ரிலே போயிருக்கிறது. அரை மணி நேர வேலை. வழக்கம்போலத் துணியை விரித்துப் பொருள்களை வெளியே எடுத்தார். பால், முட்டை, தக்காளி. கதவுத் தட்டில் இன்சுலின் டப்பா. அதை மட்டும் தன் ஐஸ் பெட்டிக்குள் வைக்கலாமென்று எடுத்தவர், வாய் சும்மா இருக்காமல் அம்மாவுக்குப் போன் போட்டார்.

“அக்கா, மருந்தப் பத்திக் கவலைப்படாதீங்க. ஐஸ்ல வெச்சிடறேன். முழு டப்பாவும் பத்திரம்.”

“முழு டப்பாவா? இல்ல தம்பி, அதுல ஒண்ணு அவ வெளிய எடுத்திருப்பாளே. பழசு சனிக்கிழமை மத்தியானத்தோட தீந்துபோச்சு. ரெண்டு நாளா புதுசுலதான் போட்டுக்கறா.”

அவர் டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். கம்பெனி ஒட்டிய ஒட்டு அப்படியே இருந்தது. நகம்கூடப் படவில்லை.

சனிக்கிழமை மத்தியானம். சனிக்கிழமை மாலை. அவள் சாட்சி சொன்ன மாலை. போனைக் காதிலிருந்து எடுக்காமலே முன்னறைக்கு ஓடினார். சோபாவில் அவள் ஓடி வந்தவள் மாதிரி ஆழமாக, வேகமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அழுகிய பழத்தின் வாசனை அடித்தது. கீழே வாளியில் வாந்தி.

“ஊசி போட்டியாம்மா? உண்மையச் சொல்லு. எப்பப் போட்ட?”

அவள் கண்ணைத் திறக்கவே கஷ்டப்பட்டாள். “போட்டா… சாட்சி பொய்யாயிடும்ல அண்ணா.”

போனில் அம்மா அலறினாள். “எனக்கு ரொம்பப் பயமா இருக்குக்கா, பெரிய ஆஸ்பத்திரிக்கு வாங்க” என்று மட்டும் சொல்ல முடிந்தது. ஃபிரிட்ஜ் தூக்கும் ஆள் அவளைத் தூக்கித் தன் வேனில் கிடத்தினார். கனமே இல்லை. அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது. வழி நெடுக “பேசும்மா, ஏதாவது பேசு” என்று கெஞ்சிக்கொண்டே ஓட்டினார். பின்னாலிருந்து மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. ஒரு சிக்னலில் அதுவும் கேட்காத மாதிரி இருந்தது. சிவப்பு விளக்கைத் தாண்டிப் போய்விட்டார்.

அவசரப் பிரிவில் அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். சிறிது நேரத்தில் டாக்டர் வெளியே வந்தார். இளம்பெண், கோபத்தை அடக்கிக்கொண்டு பேசினார்.

“ரத்தத்துல அமிலம் ஏறிடுச்சு. ரெண்டு நாளா இன்சுலினே போகல. ஏன் நிறுத்தினா? யார் நிறுத்தச் சொன்னது?”

நிறுத்து என்று அவர் சொன்னதே இல்லை. தேடித் தேடிப் பார்த்தாலும் அப்படி ஒரு வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துத்தான் அவருக்குப் பழக்கமாயிற்றே.

“என்னாலதான் டாக்டர்” என்றார். “பொழைச்சிடுவாளா?”

“இப்ப எதுவும் சொல்றதுக்கில்ல. நாளைக்குக் காலை வரைக்கும் பாக்கணும்.”

அம்மா மாவு ஒட்டிய தொழிற்சாலை உடையோடு வந்து சேர்ந்தாள். பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மாத்திரை முதல் முன்சாட்சி வரை எல்லாவற்றையும் அவர் ஒப்பித்தார். அடிப்பாள் என்று எதிர்பார்த்தார். அடித்திருந்தால் தேவலை என்றுகூட இருந்தது. அவள் உடையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டாள்.

“உங்க மேல கோவப்பட எனக்கு இப்பத் தெம்பு இல்ல தம்பி. அது அப்புறம். இப்ப ஜெபம் பண்ணுங்க.”

அவர் கண்ணை மூடினார். பதினான்கு வருடமாக மடை திறந்த மாதிரி ஜெபம் செய்த வாய்க்கு ஒரே ஒரு வரிதான் அகப்பட்டது. “ஆண்டவரே, அவளை எடுத்துக்காதீங்க” என்பதையே உதடு அசையாமல் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆண்டவர் கேட்பாரா என்பதில்கூட அன்றைக்கு அவருக்கு நிச்சயமில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் அமிலம் இறங்கத் தொடங்கியது. புதன்கிழமை மத்தியானம் அவளைச் சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். அவர் உள்ளே போனபோது தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. அவரைக் கண்டதும் அவளாகவே ஆரம்பித்தாள்.

“என் விசுவாசம் பத்தலையா அண்ணா? அதான் இப்படி ஆச்சா?”

இரண்டு நாளாக அவர் பயந்துகொண்டிருந்த கேள்வி. முக்காலியை இழுத்து உட்கார்ந்தார். முழுசாகச் சொன்னார். மாத்திரையின் நிறத்தைச் சொன்னார், சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதைச் சொன்னார், ஆறு மாதம் வரிசையில் நின்றதைச் சொன்னார். சொல்லாமல் விட்டதற்குக் காரணம் கைதட்டல்தான் என்பதையும் சொன்னார். அவள் முகம் கறுத்தது.

“இத ஏன் மொதல்லயே சொல்லல? நான் உங்க கதைய நம்பித்தானே விட்டேன்!”

“ஆமாம்மா. தப்பு என் மேல. உன் விசுவாசத்துல ஒரு குறையும் இல்ல.”

“பல்லுவலிக்காரன அவ்ளோ ஓட்டினோமே.”

“சனிக்கிழமை அவன்கிட்டயும் சொல்றேன். எல்லார் முன்னாடியும் சொல்றேன்.”

“நீங்க மாத்திரை முழுங்கினப்ப ஜெபம் பண்ணீங்களா, இல்லையா?”

“தினமும் பண்ணினேன். ஆண்டவர்தான் என்னைச் சுகமாக்கினார். அதுல எனக்கு இப்பவும் சந்தேகம் இல்ல. மாத்திரைய மறைச்சதுதான் என் வேலை, அவர் வேலை இல்ல.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “எனக்கு இந்த ஊசி நிக்கவே நிக்காதா?”

வேறு நாளாக இருந்தால் அவர் வாயில் பத்துப் பதில் தயாராக இருந்திருக்கும். “தெரியலம்மா. நிக்காதுன்னுதான் டாக்டர் சொல்றாங்க. நான் கேட்டுக்கிட்டேதான் இருப்பேன். நிறுத்தலாம்னு டாக்டர் சொல்ற வரைக்கும் நீ ஒரு வேளைகூட விடக் கூடாது. எனக்கு ரொம்பப் பயமா இருக்கு.”

நர்ஸ் மத்தியான வேளைக்கான ஊசிப் பேனாவைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்து, “நீயே போட்டுக்கறியா?” என்றாள். அவள் தலையாட்டினாள். அளவைத் திருகி வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

“ஜெபம் பண்ணுங்க அண்ணா. ஆனா கண்ண மூடாதீங்க. நான் போடறேனான்னு பாத்துக்கிட்டே பண்ணுங்க.”

கண்ணைத் திறந்துகொண்டு ஜெபம் செய்வது அவருக்கு அதுதான் முதல் தடவை. ஊசி உள்ளே போனது. மருந்து இறங்க அவள் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணினாள். அவர் ஜெபமும் அந்தப் பத்து எண்ணிக்கைக்குள் முடிந்துவிட்டது. ஊசியை வெளியே எடுத்து மூடியைப் போட்டாள்.

“நாளைக்கும் வாங்கண்ணா” என்றாள். “இப்பவும் மனசுக்குள்ள விட்டுப் பாருன்னு ஒண்ணு சொல்லிக்கிட்டே இருக்கு. எனக்கே என்னை நினைச்சாப் பயமா இருக்கு.”

மறுநாள் காலை ஆறரை மணிக்கே அவர் வார்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.