கூழைக்கடா பார்க்கப் போன சனிக்கிழமை

இரண்டாவது உலகச் சண்டைக்காலத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் டீச்சராக இருந்தேன். எங்கள் பெரிய டீச்சருக்குப் பறவை என்றால் பைத்தியம். சீமைக்குத் திரும்பிப் போன வெள்ளைக்கார அம்மாள் ஒருவர் கொடுத்த பைனாகுலர் அவரிடம் இருந்தது. கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை, மழை விட்டிருந்த நாளாகப் பார்த்து, டீச்சர்கள் நாலு பேர் அவரோடு கூமாப்பட்டிப் பக்கம் புறப்பட்டோம்.

பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரி எரித்து ஓடிய நேரம். வழியில் பஸ் நின்றுபோக, இறங்கித் தள்ளினோம். கண்மாய்க்கரை ஏறும்போது எல்லார் முகத்திலும் கரி.

"இந்தக் கோலத்துல பறவைதான் நம்மள வேடிக்கை பார்க்கும்" என்றாள் தையல் டீச்சர்.

சிரிக்கக்கூடப் பெரிய டீச்சர் விடவில்லை. "உஸ்! பேசக் கூடாது, இருமக் கூடாது, சேலையை உதறக் கூடாது. பறந்து போயிரும்."

கண்மாய் நிறைந்து கிடந்தது. தண்ணீருக்குள் நின்ற கருவேல மரங்களில் கூழைக்கடாக்கள் அப்பியிருந்தன. கீழே தண்ணீரில், நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட கறுப்பு நாமக்கோழிகள் முங்கி முங்கி எழுந்தன. பைனாகுலரை ஆள் மாற்றி ஆள் வாங்கிப் பார்த்தோம். என் கைக்கு வந்தபோது முதலில் என் இமைமுடிதான் தெரிந்தது. பிறகு திடீரென்று ஒரு கூழைக்கடா, தாடைப்பையை ஆட்டிக்கொண்டு, கைக்கெட்டும் தூரத்தில்! வாயைப் பொத்திக்கொண்டேன்.

பக்கத்து வயலில் களை பறித்த ஒரு பெண் கரையேறி வந்தாள். "எதைத் தொலைச்சிட்டுத் தேடுதிய டீச்சரம்மா?"

"ஒண்ணும் தொலைக்கல. பறவை பார்க்கோம்" என்றேன் மெதுவாக.

"பார்த்து?"

பைனாகுலரை அவளிடம் நீட்டினேன். சேற்றுக் கையை முந்தானையில் துடைத்து வாங்கி, மரத்தைப் பார்த்தாள். அப்படியே எதிர்க்கரை வரைக்கும் திருப்பினாள். நின்றுவிட்டாள்.

"அடப்பாவி மனுசா! உடைப்பு அடைக்கப் போறேன்னுட்டு அங்கன படுத்தா கெடக்கிய?"

அந்தச் சத்தத்தில் கண்மாயே எழுந்துவிட்டது. அத்தனை பறவையும் ஒரே நேரத்தில் மேலே கிளம்பி, வெயிலில் வெள்ளை வெள்ளையாய்த் திரும்பி, மலைப்பக்கம் வட்டமடித்தன. இறக்கைக் காற்று எங்கள் முகத்தில் அடித்தது. பயந்துகொண்டே பெரிய டீச்சரைப் பார்த்தேன். அண்ணாந்தபடி, சின்னப்பிள்ளை மாதிரி கை தட்டிக்கொண்டிருந்தார்.

"எத்தனை வருஷமா வாரேன்! இப்படி ஒரு தடவைகூடப் பார்த்ததில்லையே!"

செத்த நேரத்தில் அந்த மனிதர் துண்டை உதறியபடி வந்து சேர்ந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு, பைனாகுலரைத் தள்ளி நின்றே பார்த்தார். "அம்மா, புண்ணியமாப் போகும். போகையில இதை இங்கன மறந்து வச்சுட்டுப் போயிராதிய" என்றார். அவர் மனைவிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு ஆற்றோரமாக நடந்து, பாறையில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம். ஒரு மீன்கொத்தி எங்களைச் சட்டை பண்ணாமல் மீன் பிடித்துக்கொண்டிருந்தது.