கம்பளிக்குள் மலையெலி

என் தம்பி குன்னூரிலிருந்து ஒரு எலியைக் கொண்டுவந்தபோது அவனை வாசலிலேயே நிறுத்தித் திட்டினேன். கோவில்பதாகையில் எலிக்கா பஞ்சம்? ஏரிக்கரை வயலில் வரப்புக்கு வரப்பு வளை. கதிர் முற்றும் முன்பே அறுத்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடும். ரயிலேறி, அரக்கோணத்தில் வண்டி மாறி, ஆவடியிலிருந்து சித்திரை வெயிலில் நடந்து ஒருத்தன் எலி கொண்டுவருவானா?

"பாத்துட்டுப் பேசுக்கா" என்றான்.

ஈரச்சாக்கு சுற்றிய சின்ன மரப்பெட்டி. ஒரு பக்கம் கம்பிவலை. உள்ளே என் நடுவிரலைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒன்று சுருண்டிருந்தது. கருப்பட்டி நிறம். அவ்வளவு மெத்தென்ற ரோமத்தை நம் ஊர் எலியிடம் நான் பார்த்ததில்லை. என்னைப் பார்த்து மீசையை மட்டும் ஆட்டியது. பெட்டியை நானே வாங்கி உள்ளே நிழலில் வைத்தேன்.

"மலைக்கு மேல, சோலக்காட்டு ஓரத்துலதான் கீது இது. கீழ எங்கியும் கெடையாது. தொரை ரெண்டு வருசமா பொறி வெச்சி, இப்பதான் உசுரோட ஒண்ணு மாட்டிச்சி. இதுக்கு இங்கிலீசுக்காரன் வெச்ச பேருக்கு வேலைக்காரன்னு அர்த்தமாம். நம்ம சாதிதான்" என்று சிரித்தான். சிரிப்பு முடியுமுன் இருமல் வந்தது.

அந்த இருமல்தான் என் கவலை. தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் பறவை, அணில், எலி என்று பிடித்துத் தோலுரித்துப் பஞ்சடைத்து வைப்பவர். அவரிடம் என் தம்பி மூன்று மழைக்காலம் வேலை பார்த்துவிட்டான். போகும்போது தடியன்போல் போனவன், இப்போது தோள்பட்டை எலும்பு தெரிய வந்து நின்றான். எங்கள் அம்மா செத்தபோது அவன் தவழ்ந்துகொண்டிருந்தான். வளர்த்தவள் நான். கட்டிக்கொடுத்த இடத்தில் புருஷன் போய்ச் சேர, இரண்டே வருஷத்தில் நைனா வீட்டுக்குத் திரும்பி வந்தவளும் நான். எனக்கென்று அவனைவிட்டால் யாரிருக்கிறார்கள்?

இந்த எலியால் அவன் மலையை விட்டு வரமுடியும் என்றான். பட்டணத்தில் துரையின் சிநேகிதர் ஒருவர் உயிருள்ள பிராணிகளை வளர்த்துப் பார்க்கிறவர். எலியை உயிரோடு கொண்டுபோய்க் கொடுத்தால், அதைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அவனையே வைத்துக்கொள்வதாகக் கடிதம் எழுதியிருந்தார். காலையில் ஆவடியில் ரயிலேறினால் வேலை முடிந்து சாயங்காலம் வீடு. ஆனால் அவர் திங்கட்கிழமைதான் ஊரில் இருப்பார். அன்று சனி.

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் பூவிருந்தவல்லிக்குப் புறப்பட்டான். அங்கே தெரிந்த தையற்கார பாயிடம் பட்டணத்துத் துரை முன்னால் நிற்க ஒரு கோட்டு இரவல் கேட்டிருந்தான். "சாக்கு காயாம தண்ணி தெளிச்சிகினே இருக்கா. அது ஒண்ணுதான் வேல" என்று சொல்லிவிட்டுப் போனான்.

தெளித்தேன். சத்தியமாகத் தெளித்தேன். உச்சிப்பொழுதில் பார்த்தால் எலி பெட்டி மூலையில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. விலா படபடவென்று அடித்துக்கொண்டது, உடம்பெல்லாம் நடுக்கம். ஈரத்தில் கிடந்து ஜன்னி கண்டுவிட்டது என்று நினைத்தேன். எங்கள் பக்கம் குழந்தைக்கு நடுக்கம் கண்டால் ஈரத்தை அண்டவிட மாட்டோம். கதவைச் சாத்தி, கம்பளியில் சுற்றி, அடுப்பங்கரையில் கிடத்தி, சாம்பிராணி போடுவோம். என் தம்பியை இரண்டு தரம் அப்படித்தான் பிழைக்கவைத்தேன். அதிலும் இது குளிர்ப் பிரதேசத்துப் பிராணி. அங்கே எல்லோரும் கம்பளிக்குள்தான் இருக்கிறார்கள் என்று அவனே சொல்லியிருக்கிறான். குளிரில் பிறந்ததற்குச் சூடுதான் எமன் என்று என் மரமண்டையில் ஏறவில்லை.

சாக்கை உருவி எறிந்தேன். அவனுடைய கம்பளியைக் கிழித்துச் சுற்றி அடுப்போரம் வைத்தேன். சாம்பிராணியும் போட்டேன். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. தூங்குகிறது என்று சந்தோஷப்பட்டு, அதை எழுப்பாமல் சத்தம் போடாமல் அரிசி களைந்தேன்.

பிற்பகலில் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு வந்தான். கம்பளியைப் பிரித்தான். எலி விறைத்துக் கிடந்தது. உட்கார்ந்து, சின்னக் கத்தரியை எடுத்து, "தோலாவது தொரைக்கு ஆவும்" என்று உரிக்க ஆரம்பித்தான். நான் அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"அழாதக்கா. நைனா வராரு, கண்ணத் தொடச்சிக்கோ" என்றான்.

நைனா கொல்லையிலிருந்து வந்தார். நான் வாயைத் திறக்குமுன், "சாக்க நனைக்க மறந்துட்டேன் நைனா. என் தப்புதான்" என்று அவன் முந்திக்கொண்டான். நைனா அன்று அவனைத் திட்டியதை என் வாயால் சொல்ல முடியாது. ஒரு எலியை உயிரோடு சேர்க்கத் துப்பில்லாதவனுக்குச் சோறு ஒரு கேடா என்று கேட்டார். அவன் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். நான் அடுக்களையில் நின்றேன். நின்றேன், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை அவன் ஆவடியில் ரயிலேறினான், பட்டணத்துக்கு அல்ல, மலைக்கு. இரவல் கோட்டைத் தையற்கார பாயிடம் நான் திருப்பிக் கொடுத்தேன். ஐப்பசி மழையில் தோட்டத்திலிருந்து கடிதம் வந்தது. தபால்காரரே படித்துச் சொன்னார். நெஞ்சில் சளி கட்டி மூன்று நாள் கிடந்தானாம். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்களாம்.

காரியம் முடிந்த அன்று நைனாவிடம் உண்மையைச் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கட்டும் என்றும் நினைத்தேன். அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கே தெரியும்மே" என்றார். "அவனுக்குப் பொய் சொல்ல வராதுன்னு எனக்குத் தெரியாதா?"

"பின்ன ஏன் நைனா அவன அந்தப் பேச்சு பேசுன?"

அவர் வெற்றிலையை மடித்துக் கீழே வைத்தார்.

"உன்னப் பேசிட்டா நீ எங்க போவ? அவனுக்குப் போவ ஒரு மலையாவது இருந்திச்சி" என்றார்.